கட்டமும் கையேடும்

கருவியைச் செய்தவன் ஒருவன். அதனைக் கையாள்பவன் மற்றொருவன். இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை; காணப்போவதும் இல்லை. செய்தவன் கருதியதைக் கையாள்பவனுக்கு எடுத்துரைத்து, இருவருக்கும் இடையே பாலமாய் நிற்பது கையேடு. அது செவ்விதின் அமைந்தால் எளிய கருவியும் பெரும்பயன் தரும். பிழைபட்டால் அரிய கருவியும் பூட்டிய பெட்டியாகவே கிடக்கும். அட்டவணைகளுக்கு அழகு செய்யும் கணினிக் கருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நல்ல கையேடு எழுதுமாறு யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பரந்து கிடக்கும் செய்திகளை ஒரே பார்வையில் கண்டு ஒப்பிடுமாறு ஒழுங்குற நிறுத்திக் காட்டுவது அட்டவணை. அதில் குறுக்காகச் செல்லும் வரிசையை நிரை என்றும், மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையை நிரல் என்றும் கணக்குப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். நிரையும் நிரலும் கூடும் இடம் கட்டம் எனப்படும். தமிழ் இலக்கணம் கூறும் எட்டு வேற்றுமைகளை அட்டவணையாக்க எண்ணுகின்றோம் எனக் கொள்வோம். வேற்றுமையின் பெயர், உருபு, பொருள், எடுத்துக்காட்டு என நிரல்கள் நான்கு. தலைப்புக்கு ஒரு நிரை, வேற்றுமைக்கு ஒன்றாக எட்டு நிரை, ஆக நிரைகள் ஒன்பது. ஒன்பதை நான்கால் பெருக்க 36 கட்டங்கள் ஆகும்.

இவ்வட்டவணையைக் கணினியில் ஒரு சொற்செயலியைக் கொண்டு அமைக்கின்றோம். தலைப்பு நிரைக்குக் கருநீலப் பின்னணியும் வெள்ளை எழுத்தும் இடுகின்றோம். கண் வழுவாமல் படித்தற்பொருட்டு, ஏனைய நிரைகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக இளநீலம் தீட்டுகின்றோம். ஓர் அட்டவணையாயின் பொறுமையுடன் முடித்துவிடலாம். இலக்கண நூல் ஒன்றில் இத்தகைய அட்டவணை முப்பது இருப்பின் என் செய்வது? கட்டங்கள் 1,080 ஆகின்றன. பத்தாவது அட்டவணையில் நீலம் சிறிது வெளிறும். பதினைந்தாவதில் கோடு தடிக்கும். இருபதாவதில் தலைப்பின் எழுத்துச் சிறுக்கும். எல்லாம் முடிந்தபின், "நீலம் வேண்டா; பச்சை வேண்டும்," என்று பதிப்பாசிரியர் ஒரு சொல் கூறினால், மீண்டும் முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இத்துன்பத்தைக் களைதற்கு வந்ததே பாணி என்னும் கருவி. யாப்பிலக்கணம் கற்போர் தேமா என்னும் வாய்பாட்டை அறிவர். நேரசை இரண்டு அடுத்து வந்தமைந்த சீருக்குத் தேமா என்பது குறியீடு. அவ்வாறு அமைந்த சீர்கள் எண்ணிறந்தன. அவை அனைத்திற்கும் பெயர் ஒன்றே. அப்பெயரைச் சொன்ன அளவில் சீரின் அமைப்பு முழுவதும் உள்ளத்தில் தோன்றுகின்றது. அட்டவணைப் பாணியும் அத்தகைய ஒரு வாய்பாடே. தலைப்பு இந்நிறம், கோடு இப்பருமன், எழுத்து இவ்வளவு என ஒருமுறை வகுத்து, அதற்கு ஒரு பெயர் இட்டுவிடுகின்றோம். பின்னர் எந்த அட்டவணைக்கு அப்பெயரைக் கூறினும், அது அத்தோற்றத்தைப் பெறுகின்றது.

இக்கருவி இயங்கும் முறையை ஒரு மென்பொருளில் வைத்துக் காண்போம். லிபர்ஆஃபிஸ் என்பது எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும், உள்ளமைப்பைக் கண்டு திருத்தவும் உரிமை அளிக்கும் மென்பொருள் தொகுதி. ஓப்பன்ஆஃபிஸ் என்னும் முந்திய தொகுதியிலிருந்து அது 2010ஆம் ஆண்டில் கிளைத்தது. ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்னும் அறநிறுவனம் அதனைப் பேணி வருகின்றது. அத்தொகுதியில் உள்ள சொற்செயலியின் பெயர் ரைட்டர். அதற்குரிய கையேட்டைத் தொண்டர் பலர் கூடி எழுதுகின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அட்டவணை எவ்வளவு பெரிதாயினும், ரைட்டரின் பாணி நினைவிற்கொள்வது 16 கட்டங்களின் தோற்றத்தை மட்டுமே. நிரைகளை அது நான்கு வகையாகப் பகுக்கின்றது. முதல் நிரை ஒரு வகை; இறுதி நிரை ஒரு வகை; இடையில் மாறி மாறி வருவன இரு வகை. நிரல்களும் அவ்வாறே நான்கு வகைப்படும். நான்கை நான்கால் பெருக்கப் பதினாறு வருதல் காண்க. நம் வேற்றுமை அட்டவணையின் 36 கட்டங்களும் இப்பதினாறனுள் ஒவ்வொன்றன் தோற்றத்தைப் பெற்றுவிடுகின்றன. நிரைகள் நூறு ஆயினும் ஆயிரம் ஆயினும் முறை இதுவே.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வேர்டு என்னும் சொற்செயலி வேறு வழியில் செல்கின்றது. அதன் கோப்பு வடிவத்தை வரையறுக்கும் தரநூல், பாணிக்கு 13 பகுதிகளைக் கூறுகின்றது. முழு அட்டவணை ஒன்று. முதல் நிரை, இறுதி நிரை, முதல் நிரல், இறுதி நிரல் என நான்கு. மாறிவரும் நிரை இரண்டு, மாறிவரும் நிரல் இரண்டு என நான்கு. மூலைக் கட்டங்கள் நான்கு. வேர்டில் பாணியை ஒருமுறை திருத்தினால், அப்பாணி பெற்ற அட்டவணைகள் யாவும் உடன் மாறும். ஆகவே, ஒரு கருவிக்கு எழுதிய கையேடு மற்றொரு கருவிக்குப் பொருந்தாது. நோக்கம் ஒன்றாயினும் நெறி வேறு. எக்கருவிக்கு, எப்பதிப்புக்கு எழுதுகின்றோம் என்பதைக் கையேட்டின் முகப்பிலேயே கூறிவிடுதல் எழுதுவோன் கடமையாகும்.

கருவியின் இயல்பை அறிந்தோம். இனிக் கையேட்டிற்கு வருவோம். ரைட்டரில் பாணி இடும் முறையைக் கையேடு ஒன்று இவ்வாறு கூறலாம்:

1. அட்டவணைக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் சொடுக்குக. அக்கட்டத்தில் இடங்காட்டி மினுக்கும்.

2. மேலே உள்ள 'டேபிள்' என்னும் பட்டியைத் திறந்து, 'ஆட்டோஃபார்மேட் ஸ்டைல்ஸ்' என்பதைத் தேர்க. பாணிகளின் பெயர்களும் மாதிரித் தோற்றமும் கொண்ட சாளரம் ஒன்று விரியும்.

3. பெயர்களுள் ஒன்றைத் தேர்க. அதற்கேற்ப மாதிரித் தோற்றம் மாறும்.

4. எண்வடிவம், எழுத்துரு, சீரமைவு, எல்லைக்கோடு, பின்னணி என்னும் ஐந்தன்முன்னும் குறிகள் இருக்கும். மாற்ற விரும்பாதவற்றின் குறியை நீக்குக.

5. ஒப்புதல் பொத்தானை அழுத்துக. அட்டவணை புதிய தோற்றம் பெறும்.

இவ்வைந்து படிகளையும் ஊன்றி நோக்குங்கள். ஒவ்வொரு படியிலும் கை செய்ய வேண்டுவது ஒன்றும், கண் காண வேண்டுவது ஒன்றும் உள்ளன. நான்காம் படியில் மட்டும் காண்பது முன்வந்து செய்வது பின்வந்தது. செய்வதை மட்டும் கூறிக் காண்பதைக் கூறாது விடின், தாம் சென்ற வழி சரியோ தவறோ என்று படிப்போர் அறிய மாட்டார். ஊருக்கு வழி கூறுவோர், "நேரே போய் இடப்புறம் திரும்புங்கள், திரும்பியவுடன் ஓர் ஆலமரம் தெரியும்," என்று கூறுவர் அன்றோ? அந்த ஆலமரம் போன்றதே கண் காணும் அடையாளம்.

முதற்படியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அது மிகச் சிறியது. கூற வேண்டுமா என்றுகூடத் தோன்றும். அதன் அருமையை நான் என் பிழையினால் கற்றேன். பணி ஓய்வு பெற்றபின் கணினி பயின்ற நான், எங்கள் ஊர் நூலகத்தில் நூற்பட்டியல் அமைக்கும் தொண்டர்களுக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். அட்டவணைக்குப் பாணி இடும் முறையும் அதில் இருந்தது. 'டேபிள் பட்டியைத் திறந்து ஆட்டோஃபார்மேட் ஸ்டைல்ஸ் என்பதைத் தேர்க' என்றே அப்பகுதியைத் தொடங்கியிருந்தேன். இலக்கணம் கற்ற கை எழுதியது. பிழை இராது என்று எண்ணியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தக் கையேட்டுடன் கணினிமுன் அமர்ந்தாள். மறுநாள் நூலகத்தில் நிகழவிருந்த விழாவில் நூற்பட்டியலை அச்சிட்டு வழங்க வேண்டும். அவள் பட்டியைத் திறந்தாள். நான் குறித்த சொல் அங்கே இருந்தது; ஆயின் மங்கிய நிறத்தில் இருந்தது. சொடுக்கிப் பார்த்தாள், ஒன்றும் நிகழவில்லை. இடங்காட்டி அட்டவணைக்கு வெளியே இருக்கும்போது அக்கட்டளை இயங்காது. இதனை என் கையேடு கூறவில்லை. கணினியை நிறுத்தித் தொடங்கினாள். கோப்பை மூடித் திறந்தாள். கையேட்டை நான்கு முறை படித்தாள். மாலையில் நான் சென்றபோது, கட்டம் கட்டமாகக் கையால் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நூலகம் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. பட்டியலில் பாதியும் முடியவில்லை.

"கையேட்டில் உள்ளபடிதான் செய்தேன், ஐயா. எனக்குத்தான் புரியவில்லை," என்றாள்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. குறை என் கையேட்டில் இருந்தது. அவளோ குறை தன் அறிவில் உள்ளது என்று எண்ணினாள். கையேட்டில் நேரும் பிழைக்கும் பிற நூல்களில் நேரும் பிழைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கதையில் பிழை நேர்ந்தால் படிப்போர் ஆசிரியரைப் பழிப்பர். கையேட்டில் பிழை நேர்ந்தால் படிப்போர் தம்மையே பழித்துக்கொள்வர். அட்டவணைக்குள் ஒரு கட்டத்தைச் சொடுக்குமாறு கூறினேன். மங்கிய சொல் தெளிந்தது. சில நொடிகளில் பட்டியல் முழுவதும் அழகுற அமைந்தது. அவள் மகிழ்ந்தாள், நான் நாணினேன்.

நான் அப்படியை ஏன் விட்டுவிட்டேன்? அது என் கைக்குப் பழகிவிட்டது. பழகிய கை செய்வதைப் பழகிய கண் காண்பதில்லை. ஆதலின், கையேடு எழுதியபின் அதனை அறியாதார் ஒருவரிடம் கொடுத்தல் வேண்டும். அவர் அருகில் அமர்ந்து, வாய் திறவாமல், அவர் செய்வதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் தயங்கும் இடமெல்லாம் நம் எழுத்துக் குறைபட்ட இடம் என்று அறிதல் வேண்டும். அவ்விடத்தில் வாயால் விளக்கிவிட்டு எழுத்தைத் திருத்தாது விடுதல் பயனற்றது. அடுத்துப் படிப்பவர் அருகில் நாம் இருக்கப்போவதில்லை.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் நேரத்தகாத குற்றங்கள் பத்து என்று வகுத்துரைக்கின்றது. கணினியைக் கனவிலும் காணாத காலத்தில் வகுத்த அக்குற்றங்கள் இக்காலக் கையேட்டிற்கும் பொருந்துதல் வியப்பிற்குரியது. நான் முதற்படியை விட்டது குன்றக் கூறல் என்னும் குற்றம். ஓரிடத்தில் நிரை என்றும், பிறிதோரிடத்தில் வரிசை என்றும், வேறோரிடத்தில் வரி என்றும் ஒன்றனையே பலவாறு எழுதுவது மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற்படும். கட்டுரையில் சொல் மாறி வருதல் நயம் தரலாம். கையேட்டில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே உரியது. மாறுகொளக் கூறல் பெரும்பாலும் பதிப்பு மாறும்போது நேர்கின்றது. 2017ஆம் ஆண்டில் வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து, அட்டவணைப் பாணிகளை ரைட்டரின் பக்கப்பலகையிலும் காணலாம். பழைய பக்கத்தில் பட்டியை மட்டும் கூறிப் புதிய பக்கத்தில் பலகையை மட்டும் கூறினால், படிப்போர் எதனை நம்புவர்? கருவி வளரும்போது கையேடும் உடன் வளர்தல் வேண்டும்.

கருவி செய்வதைக் கூறுதல் போலவே, அது செய்யாததைக் கூறுதலும் வேண்டும். ரைட்டரின் பாணி நிரலின் அகலத்தை மாற்றாது. அதனை நாமே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். அச்சாளரத்தில் நம் விருப்பப்படி புதிய பாணியைச் சேர்க்க வேண்டுமாயின், முதலில் ஓர் அட்டவணையைக் கையால் அழகுசெய்து அதனை மாதிரியாகக் காட்டுதல் வேண்டும். அம்மாதிரியில் நிரை நான்கும் நிரல் நான்குமேனும் இருப்பது நலம். பதினாறு கட்டங்களின் கணக்கை அறிந்த நீங்கள் அதன் காரணத்தை எளிதில் உணர்வீர்கள்.

மற்றோர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. ஐந்தனுள் எவற்றின்முன் குறி உள்ளதோ, அவற்றில் நாம் முன்பு கையால் செய்த அமைப்பைப் பாணி மாற்றிவிடும். எழுத்துருவின்முன் குறி இருக்குமாயின், உருபுகளைத் தனித்துக் காட்ட நாம் தடித்த எழுத்தில் இட்டது மறையக்கூடும். வேர்டில், பழைய அமைப்பை நீக்கி இடுதல், பழைய அமைப்பைப் பேணி இடுதல் என இரண்டு வழிகள் தனித்தனியே உள்ளன. இவ்வெச்சரிக்கையை ஐந்தாம் படிக்குப் பின் எழுதிப் பயனில்லை. பள்ளத்தைக் கடந்தபின் 'பள்ளம் உண்டு' என்று பலகை நாட்டுவார் உண்டோ? அது நான்காம் படியிலேயே நிற்றல் வேண்டும்.

இறுதியாக, அழகு எதன்பொருட்டு என்பதைக் கையேடு மறத்தலாகாது. நிறம் தீட்டிய மாத்திரத்தில் ஒரு நிரை தலைப்பு ஆகிவிடாது. கருநீலத்தில் வெள்ளை எழுத்தைக் கண்ட நாம் அது தலைப்பு என்று உணர்கின்றோம். கண்பார்வை இல்லாதோர், எழுத்தை ஒலியாக்கும் திரைபடிப்பானைக் கொண்டு படிக்கின்றனர். அவர்களுக்கு நீலம் ஏது? வெள்ளை ஏது? அட்டவணையின் பண்புகளுள், 'இது தலைப்பு நிரை. பக்கந்தோறும் மீண்டும் வருக' என்று குறிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்குக் குறித்தால், அட்டவணை இரண்டாம் பக்கத்திற்கு நீளும்போது தலைப்பும் உடன்வரும். எது தலைப்பு என்பதைத் திரைபடிப்பான் அறிதற்கும் அக்குறிப்புத் துணைபுரியும்.

நிறத்தேர்விலும் கருத்து வேண்டும். உலகளாவிய வலையமைப்புக்குத் தரம் வகுக்கும் கூட்டமைப்பு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட அணுகல் நெறிகள், நிறத்தை மட்டுமே கொண்டு பொருளை உணர்த்துதல் ஆகாது என்கின்றன. சாதாரண அளவுள்ள எழுத்திற்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு 4.5:1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது என்றும் அவை வரையறுக்கின்றன. அவை வலைப்பக்கங்களுக்கு வகுத்தவையாயினும் தாளுக்கும் நன்கு பொருந்துவன. தேறியவர் பெயரைப் பச்சையிலும் தேறாதவர் பெயரைச் சிவப்பிலும் காட்டிய பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாய் நிற்கும். 'தேர்ச்சி' என்ற ஒரு சொல்லை உடன் எழுதியிருப்பின் அக்குழப்பம் நேர்ந்திராது.

மாணவர்களே! கையேடு எழுதுவோர் பெயரைப் படிப்போர் பெரும்பாலும் நோக்குவதில்லை. வேலை முடிந்தவுடன் கையேட்டை மூடிவிடுவர். வேலை முடிந்து மூடுதலே அதற்குரிய பாராட்டு. நீங்கள் அறிந்த கருவி ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியையும் செய்து பார்த்து எழுதுங்கள். செய்து பாராத எதனையும் எழுதாதீர்கள். அறியாதார் ஒருவரிடம் கொடுத்து, அவர் தயங்கும் இடத்தைத் திருத்துங்கள். உங்கள் கையேட்டைப் படித்த ஒருவர், "எனக்குத்தான் புரியவில்லை," என்று தம்மை நொந்துகொள்ளும் நிலை வாராதவாறு எழுதுவீர்களாயின், நீங்கள் செய்தது நல்ல தொண்டு ஆகும்.

பயிற்சி

1. அட்டவணைப் பாணியை ஆசிரியர் யாப்பின் வாய்பாட்டோடு எவ்வாறு ஒப்பிடுகின்றார்?

2. ரைட்டரின் பாணி 16 கட்டங்களை மட்டும் நினைவிற்கொள்வது எவ்வாறு? வேற்றுமை அட்டவணையைக் கொண்டு விளக்குக.

3. கையேட்டில் நேரும் பிழைக்கும் பிற நூல்களில் நேரும் பிழைக்கும் ஆசிரியர் காட்டும் வேறுபாடு யாது?

4. எச்சரிக்கையைக் கையேட்டில் எவ்விடத்தில் வைத்தல் வேண்டும்? ஏன்?

5. நிறம் தீட்டுவதால் மட்டும் ஒரு நிரை தலைப்பாகாது என்பதற்குரிய காரணங்களை எழுதுக.

6. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடைக்கும் முறையைப் படிகளாக எழுதுக. ஒவ்வொரு படியிலும் கை செய்வதையும் கண் காண்பதையும் குறிப்பிடுக.